கடாரத்துக்கும் உண்டு பகல் சேமிப்பு

கோடை தொடங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்து, குளிர்காலம் வரும்போது மீண்டும் பின்னே இழுக்கும் ஏற்பாட்டுக்குப் பகல் சேமிப்பு நேரம் என்று பெயர். வேலை முடிந்து வெளியே வருபவர்களுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இவ்வழக்கம் உள்ள நாடுகளில் ஆண்டுக்கு இருமுறை ஏதேனும் ஒரு கணினியோ கைப்பேசியோ நேரத்தை மாற்றாமல் விட்டு ஆட்களைத் தடுமாறச் செய்வதும், அச்செய்தியைப் படிக்கும் மலேசியர்கள் இது தங்களுக்கு உரிய தொல்லையில்லை என்று கடந்துபோவதும் வாடிக்கையாகிவிட்டன. இந்த அலட்சியம் மூன்று துணிபுகளின் மேல் நிற்கிறது. கணினிக் கடிகாரம் பிழையான நேரத்தைக் காட்டினால் அது இயந்திரக் கோளாறு என்பது முதலாவது. பகல் சேமிப்பு குளிர்நாட்டாரின் வழக்கம், நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த மண்ணை அது தொட்டதே இல்லை என்பது இரண்டாவது. ஆகவே பழைய கடாரமான கெடாவின் சுங்கைப் பட்டாணியில் ஓடும் கணினிக்கு இவ்வகைப் பிழை நேர வழியில்லை என்பது மூன்றாவது. கணினி நேரத்தைக் கணக்கிடும் முறை முதல் துணிபை மறுக்கிறது. மலாயாவின் சட்ட வரலாறும் சுங்கைப் பட்டாணி அமைந்துள்ள தீர்க்கரேகையும் மற்ற இரண்டையும் மறுக்கின்றன.

கணினிக்குள் நேரம் மூன்று அடுக்குகளாக இயங்குகிறது. அடியில், நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் துணையோடு ஓடும் கடிகாரச் சில்லு உள்ளது. மின்சாரம் இல்லாத வேளையிலும் தாய்ப்பலகையிலுள்ள சிறு பேட்டரியால் இயங்கும் இதற்கு வன்பொருள் கடிகாரம் என்று பெயர். நாளுக்குச் சில நொடிகள் முந்துவதும் பிந்துவதும் இதன் இயல்பு என்றாலும், அந்தப் பிசகை இணையவழி நேர வழங்கிகள் அவ்வப்போது திருத்திவிடுகின்றன. இரண்டாவது அடுக்கில் இயங்குதளம் ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறது. யுனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில் அது 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளின் எண்ணிக்கை, உலகெங்கும் ஒன்றே. அந்த எண்ணிக்கையை மனிதர் படிக்கும் மணியாக மாற்றுவது மூன்றாவது அடுக்கு. எந்த ஊரில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, கிரீன்விச் நேரத்தோடு எவ்வளவு கூட்ட வேண்டும் அல்லது கழிக்க வேண்டும் என்று பட்டியலிடும் நேரவலய அட்டவணை இந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட்டின் ஒருங்கிணைப்பில் வளர்ந்த நேரவலயத் தரவுத்தளமே இன்று பெரும்பாலான கைப்பேசிகளும் வழங்கிகளும் நம்பியிருக்கும் அட்டவணை. விண்டோஸ் தனக்கெனத் தனி அட்டவணை வைத்திருக்கிறது.

பகல் சேமிப்பில் கணினி தவறுவது ஏறத்தாழ எப்போதும் இந்த மூன்றாம் அடுக்கில்தான். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2005ஆம் ஆண்டு எரிசக்திக் கொள்கைச் சட்டத்தின் வழியாகப் பகல் சேமிப்பின் தொடக்கத்தை ஏப்ரல் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுக்கு மாற்றி, 2007இல் நடைமுறைப்படுத்தியபோது, புதிய அட்டவணையைப் பெறாத கணினிகள் மார்ச் 11 முதல் மூன்று வாரங்களுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கி நின்றன. அவற்றின் படிகம் பழுதாகவில்லை, எண்ணிக்கையிலும் ஒரு நொடி குறையவில்லை. சட்டம் மாறிய செய்தி மட்டும் அவற்றை எட்டவில்லை. 2023 மார்ச்சில் லெபனான் அரசு பகல் சேமிப்பின் தொடக்கத்தை ரமலான் முடியும்வரை தள்ளிவைப்பதாகக் கடைசி நேரத்தில் அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நாட்களில் ஒரே நாட்டில் இரண்டு நேரங்கள் புழங்கின. அங்கே எந்தக் கைப்பேசியைப் பழுதானது என்று சொல்வது? அரசின் முடிவுக்கும் அட்டவணையின் திருத்தத்துக்கும் இடையே உள்ள கால இடைவெளியை இயந்திரத்தின் தலையில் கட்டுவது, சட்டத்தை அறிவிக்கத் தவறியவர்களின் பொறுப்பை மறைப்பதாகும்.

மலேசியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு 1933 ஜனவரி 1 விடை சொல்கிறது. அன்றுதான் மலாயாவின் கடிகாரங்கள், கிரீன்விச்சைவிட 7 மணி நேரம் முன்னிருந்த நிலையிலிருந்து மேலும் 20 நிமிடம் முன்னே தள்ளப்பட்டன. அலுவலகம் முடிந்தபின் விளையாட்டுக்கும் உலாவுக்கும் வெளிச்சம் வேண்டும் என்று 1920களிலேயே எழுந்த கோரிக்கையின் விளைவு அது. அன்றைய சட்டம் அதைப் பகல் சேமிப்பு என்றே குறித்தது. பருவத்துக்கு ஒருமுறை கூட்டிக் குறைக்கும் வேலை அதில் இல்லை, ஆண்டு முழுவதும் ஒரே அளவுதான். அதைக் காட்டி இது பகல் சேமிப்பே இல்லை என்பவர்கள், அதன் நோக்கத்தை மறந்து உருவத்தை மட்டும் பார்க்கிறார்கள். சுங்கைப் பட்டாணி இருக்கும் அகலாங்கில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 40 நிமிடமே வேறுபாடு; இத்தகைய நாட்டில் பகலைச் சேமிக்க விரும்பும் ஆட்சி ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருகத் தேவையில்லை, ஒருமுறை தள்ளிவிட்டு அப்படியே விட்டுவிடலாம். மலாயாவில் நடந்ததும் அதுதான். 1936இல் அந்த 20 நிமிடம் நிலையான நேரமாகவே ஆக்கப்பட்டது. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிடம் கூட்டப்பட்டு ஏழரை மணி நேர வேறுபாடானது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் தோக்கியோ நேரமான 9 மணி நேர வேறுபாடு திணிக்கப்பட்டது. 1945இல் மீண்டும் ஏழரைக்குத் திரும்பியது. கடைசியாக, கெடாவைச் சேர்ந்த மகாதீர் முகம்மது பிரதமரான அதே 1981ஆம் ஆண்டில், தீபகற்பத்தின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கும் மலேசிய நியம நேரச் சட்டம் இயற்றப்பட்டது; அவ்வாண்டு டிசம்பர் 31 இரவு 11:30 மணி ஆனதும் கடிகாரங்கள் நள்ளிரவு 12க்குத் தாண்டின. சுங்கைப் பட்டாணி ஜாலான் இப்ராகிமில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா நினைவாக 1936இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு நின்றிருக்கும் காலத்துக்குள் மட்டும் மலாயாவின் நேரம் நான்கு முறை மாறியிருக்கிறது. நேரத்தில் யாரும் கைவைக்காத நாடு என்ற எண்ணத்துக்கு இங்கே இடமில்லை.

இம்மாற்றங்களின் மொத்த விளைவைச் சூரியனைக் கொண்டு அளக்கலாம். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. எட்டு மணி நேர வேறுபாட்டுக்கு உரிய தீர்க்கரேகை 120 பாகை கிழக்கு. சுங்கைப் பட்டாணியோ ஏறத்தாழ 100.5 பாகையில் இருக்கிறது. பத்தொன்பதரைப் பாகை மேற்கே விலகியிருப்பதால், இவ்வூரின் கடிகாரம் சூரியனைவிட 78 நிமிடம் முந்தி ஓடுகிறது. உச்சிவெயில் சராசரியாகப் பிற்பகல் 1:18க்கு வருகிறது. பள்ளிவாசல்களில் உச்சிப்பொழுது சாய்ந்தவுடன் ஒலிக்கும் லுகர் தொழுகை அழைப்பு ஒரு மணிக்குப் பிறகே கேட்பதற்கு இதுவே காரணம். சூரியன் உதிப்பது நவம்பர் தொடக்கத்தில் 7:04 அளவிலும் பிப்ரவரி நடுவில் 7:34 அளவிலும் ஆகும். ஆகவேதான் ஏழரை மணிக்குத் தொடங்கும் பள்ளிக்குத் தோட்டப்புறப் பிள்ளைகள் இருட்டில் கிளம்ப நேர்கிறது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்திலுள்ள ஹாட்யாய் நகரம் ஏறத்தாழ இதே தீர்க்கரேகையில் உள்ளது; இரண்டு ஊர்களுக்கும் ஒரே கணத்தில் உச்சிப்பொழுது வருகிறது என்றாலும் ஹாட்யாயின் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே நிற்கிறது. குளிர்நாடுகள் கோடையில் மட்டும் கடைப்பிடிக்கும் பகல் சேமிப்பு, கெடாவில் ஆண்டின் 365 நாட்களும், அதைவிடப் பெரிய அளவில், நடப்பில் இருக்கிறது என்பதே இதன் பொருள்.

இந்த உண்மையை ரப்பர்த் தோட்டத்து வேலைமுறை எப்போதும் அறிந்தே இருந்தது. வெயில் ஏறுவதற்கு முன், மரத்தின் திசுக்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். அதனால் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குத் தொழிலாளர் கூடுவதும் மரம் சீவப் போவதும் விடியலை ஒட்டியே அமைந்தன. பால் மரத்துக்கு நாடாளுமன்றச் சட்டம் தெரியாது. கடிகாரத்தை முன்னே தள்ளினால் பெரட்டு மணியின் எண் மாறுமே தவிர, பால் வடியும் வேளை மாறாது. தோட்டக் கணக்கரான கிராணியின் பேரேட்டில் ஒரு மணியும் மரத்தடியில் வேறொரு பொழுதுமாக வாழ்ந்து பழகிய சமூகத்தின் வழித்தோன்றல்கள், கைப்பேசித் திரையில் தெரியும் எண்ணை இயற்கை தந்த நேரமாக எடுத்துக்கொள்வது வியப்புக்குரியது.

மூன்றாவது துணிபு, இங்குள்ள கணினிகள் இவ்வகையில் தவற வழியில்லை என்பது. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மலேசிய நேரத்துக்கு அமைக்கப்பட்ட கணினியிடம் யுனிக்ஸ் எண்ணிக்கையின் சுழியம் எந்த நேரத்தைக் குறிக்கிறது என்று கேட்டால், அட்டவணை முழுமையாக இருக்கும் கணினி 1970 ஜனவரி 1 காலை 7:30 என்று காட்டும். இன்றைய வேறுபாட்டை என்றென்றைக்கும் உரியதாகக் கருதும் கணினி 8:00 என்று காட்டும். அந்த அரைமணியின் விளைவு சிறியதன்று. பிறந்த தேதிகளை நள்ளிரவு நேரமாகப் பதியும் மென்பொருளில், எட்டு மணி நேர வேறுபாட்டில் எழுதப்பட்ட 1975ஆம் ஆண்டுத் தேதியை ஏழரை மணி நேரம் என்று அறிந்த மற்றொரு நிரல் படித்தால், அது முந்தைய நாள் இரவு 11:30 ஆகிவிடும். ஒருவருடைய பிறந்த நாளே ஒரு நாள் முன்னே நகர்ந்துவிடும். இவ்விரண்டு நிரல்களில் எதற்கும் கடிகாரம் கெடவில்லை, ஒன்றுக்கு மட்டும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் தெரியவில்லை.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இப்பிழை மிகுதியாகப் புகும் இடம் சாதகக் கணிப்பு. திருமணப் பொருத்தம் பார்க்கப் பெற்றோர் தம் பிள்ளைகளின் சாதகத்தையும், தேவைப்பட்டால் தங்களுடையதையும் இப்போது மென்பொருளில் கணிக்கச் சொல்கிறார்கள். 1965 ஆகஸ்டு நடுவில் ஒரு நாள் காலை 6:50க்குச் சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டம் ஒன்றில் குழந்தை பிறந்ததாக ஒரு பிறப்புப் பத்திரத்தில் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அன்றைய ஏழரை மணி நேரக் கணக்கின்படி சூரியன் 6:44 அளவில் உதித்துவிட்டது. குழந்தை உதயத்துக்குப் பின் பிறந்தது. மென்பொருள் எட்டு மணி நேரக் கணக்கை எடுத்துக்கொண்டால் உதயம் 7:14 ஆகிறது. குழந்தை உதயத்துக்கு 24 நிமிடம் முன்பே பிறந்ததாகிவிடும். பஞ்சாங்க மரபில் கிழமை சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது என்பதால், ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளை சனிக்கிழமைப் பிள்ளையாக மாறிவிடும். அரைமணி நேரத்தில் லக்கினம் ஏறத்தாழ ஏழரைப் பாகை நகர்கிறது; ஒரு ராசி 30 பாகை என்பதால், 1982க்கு முந்தைய பிறப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு லக்கினமே வேறாகும், நவாம்சமோ எல்லாருக்கும் மாறும். தமிழ்நாட்டில் அச்சாகும் பஞ்சாங்கத்தின் திதி, நட்சத்திர முடிவு நேரங்களோடு அன்று 2 மணி நேரம் கூட்டினால் போதும்; இன்று இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த எடுத்துக்காட்டைத் தள்ளிவிடத் தேவையில்லை. சாதகம் பலிக்கிறதா என்பது வேறு வழக்கு. இங்கே வழக்குக்கு வந்திருப்பது கூட்டல் கணக்கு.

அட்டவணையைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் கெடாவின் வரலாறு ஒரு தடை வைக்கிறது. உலகத் தரவுத்தளம் 1970க்குப் பின் ஒரே நேரத்தைக் கொண்டிருந்த ஊர்களை ஒரே பதிவுக்குள் அடக்குவதைக் கொள்கையாக வைத்திருக்கிறது. அதன்படி கோலாலம்பூர் என்ற பதிவு இன்று சிங்கப்பூரின் பதிவுக்குக் கைகாட்டும் மாற்றுப்பெயர் மட்டுமே. 1970க்கு முந்தைய காலத்துக்கு முழுமை கோரவில்லை என்று அதைப் பேணுவோர் வெளிப்படையாகவே சொல்கிறார்கள். குறை, அதை முழு வரலாறாக எடுத்துக்கொள்ளும் பயனாளர்களுடையது. அப்பதிவின்படி 7 மணி நேர வேறுபாடு தொடங்குவது 1905இல். அப்போது கெடா பிரிட்டிஷ் ஆளுகையிலேயே இல்லை, 1909ஆம் ஆண்டு ஆங்கிலேய-சயாமிய உடன்படிக்கை வரை அது சயாமின் மேலாட்சியில் இருந்தது. அப்பதிவின்படி தோக்கியோ நேரம் தொடங்குவது 1942 பிப்ரவரி 16, அதாவது சிங்கப்பூர் வீழ்ந்த மறுநாள். சுங்கைப் பட்டாணி வான்படைத் தளமோ 1941 டிசம்பர் 8 அன்றே குண்டுவீச்சுக்கு ஆளானது. ஜித்ரா போர் முடிந்து டிசம்பர் நடுவில் கெடா ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்து, 1945 வரை அது தாய்லாந்து நிர்வாகத்தில் இருந்ததைப் பற்றியும் அந்தப் பதிவில் ஒரு வரி இல்லை. ஆகவே போர்க்காலத்தில் கெடாவில் பிறந்த ஒருவரின் நேரத்தை அந்த அட்டவணையைக் கொண்டு கணக்கிடும் கணினி, சிங்கப்பூரின் வரலாற்றைக் கெடாவின்மேல் சாற்றுகிறது.

இதற்கு எதிர்வாதங்கள் இரண்டு எழக்கூடும். பழைய கதை எதற்கு, உலக நாடுகள் பகல் சேமிப்பைக் கைவிட்டால் எல்லாரும் நிம்மதியாகலாமே என்பது ஒன்று. கைவிடுவதும் ஒரு சட்ட மாற்றமே என்பதை இவ்வாதம் காணத் தவறுகிறது. பிரேசில் 2019இல் பகல் சேமிப்பை நீக்கியபோது, பழைய அட்டவணையை வைத்திருந்த கைப்பேசிகள் பல அவ்வாண்டின் பிற்பகுதியில் தாமாகவே ஒரு மணி நேரம் முன்னே தாவின. மாற்ற மறந்ததால் வரும் பிழையோடு, மாற்றக் கூடாதபோது மாற்றும் பிழையும் உண்டு என்பதை அது காட்டியது. பிற நாடுகளின் முடிவுகள் கெடாவின் அன்றாட வேலையிலும் நுழைகின்றன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலிருந்து கலிபோர்னியாவோடு பேசுபவர்களுக்குக் குளிர்காலத்தில் 16 மணி நேர வேறுபாடு, கோடையில் 15; மெல்பர்னில் படிக்கும் பிள்ளையோடு பேசும் பெற்றோருக்கு அங்கே பகல் சேமிப்பு நடக்கும் மாதங்களில் 3 மணி நேரம், மற்ற மாதங்களில் 2. இங்கே கடிகாரம் அசையவில்லை என்றாலும் சந்திப்பு நேரம் அசைந்துவிடுகிறது.

எல்லா நேரத்தையும் கிரீன்விச்சை அடியொற்றிய அனைத்துலக நேரத்திலேயே சேமித்துவிட்டால் போதும் என்பது, நிரலர்கள் விரும்பிச் சொல்லும் இரண்டாவது வாதம். நடந்து முடிந்தவற்றைப் பதிய அது சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறப்புப் பத்திரத்திலுள்ள 6:50 உள்ளூர் நேரத்தில் எழுதப்பட்டது. அதை அனைத்துலக நேரமாக மாற்றும்போதே அரைமணிப் பிழை உள்ளே நுழைந்துவிடும், அதன்பின் அந்தப் பிழை துல்லியமான எண்ணின் தோற்றத்தோடு நிலைத்துவிடும். வரப்போகும் நிகழ்ச்சிகளுக்கு இந்த வழி இன்னும் பொருந்தாது. அடுத்த ஆண்டு ஒரு நாள் காலை 9 மணிக்குத் திருமணம் என்று முடிவு செய்தவர்கள் அன்றைய ஊர்க் கடிகாரத்தின் 9 மணியைத்தான் குறிக்கிறார்கள். இடையில் அரசு நேரத்தை மாற்றினால், அனைத்துலக நேரத்தில் சேமித்த கணினி முகூர்த்தத்தை எட்டரைக்கோ ஒன்பதரைக்கோ தள்ளிவிடும். வரும் நிகழ்ச்சிக்கு உள்ளூர் மணியையும் ஊரையும் சேர்த்தே பதிய வேண்டும்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இந்தப் பாடத்தை வீட்டிலேயே கற்கலாம். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் அனைத்துலக நேரமாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது மலேசியாவில் கடிகாரம் 8 மணி நேரம் தாவும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எண்ணிப் புதிய பேட்டரி வாங்கிப் போட்டாலும் அது மீண்டும் தாவும், ஏனென்றால் அந்த எண் எந்த ஊர் நேரம் என்பதில் இரண்டு மென்பொருள்களுக்கும் உடன்பாடு இல்லை.

ஆகவே கணினிக் கடிகாரம் தவறுகிறது என்ற குற்றச்சாட்டு வரும்போது, படிகத்தைச் சோதிப்பதற்கு முன் அட்டவணையையும், அட்டவணைக்கு முன் அதன் பின்னுள்ள சட்டத்தையும் கேட்பதே முறை. கெடாவைப் பொறுத்தவரை அதற்குச் செய்ய வேண்டியவை சிலவே. 1982க்கு முந்தைய நேரத்தைக் கணினியில் ஏற்றும் எவரும், அது மருத்துவமனைப் பதிவானாலும் தோட்டத்துப் பேரேடானாலும் பிறப்புப் பத்திரமானாலும், ஆவணத்தில் உள்ள மணியைத் திருத்தாமல் அப்படியே எழுதி, அருகே ஊரின் பெயரையும் அன்று நடப்பில் இருந்த நேர வேறுபாட்டையும் தனியாகக் குறிக்க வேண்டும். சாதக மென்பொருள் விற்பவர்கள், மலேசியப் பிறப்புக்கு எந்த ஆண்டில் எந்த வேறுபாட்டைக் கொள்கிறார்கள் என்பதைத் திரையிலேயே காட்ட வேண்டும். காட்டாத மென்பொருளின் கணிப்பை ஏற்கக் குடும்பங்கள் மறுக்க வேண்டும். இங்குள்ள கடிகாரம் காட்டும் 12 மணி ஐந்து அரசாணைகளின் கூட்டுத்தொகை. அந்த ஆணைகளை அறியாத கணினியைப் பழிப்பவர்கள், அவற்றைத் தாங்களும் அறியாதிருப்பதற்கு முதலில் விடை சொல்ல வேண்டும்.